உயிரோடிருப்பவருக்கு ஒரு வரி

அந்தக் காலி இடத்தைப் பார்த்த நொடியில் எனக்கு ஐடியா வந்தது. எனக்கு ஐடியா வந்து யாரும் நிம்மதியாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. (வீட்டில் என் செல்லப்பெயரே ‘சும்மா இருடா’தான்.)

ஓசூர் பக்கம் ஒரு கிரானைட் ஃபேக்டரியில் வேலை. கருங்கல்லை மெருகேற்றி வெளிநாட்டுக் கல்லறைகளுக்கு அனுப்புகிறோம். அதில் வெட்டவேண்டிய எழுத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பவன் நான். பெயர், பிறப்பு, இறப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை சாவு.

அன்று வந்த ஆர்டரில், பெயருக்குக் கீழே ஒரு வரி முழுக்கக் கோடு கோடாக இருந்தது. ஃபைல் கெட்டுவிட்டது என்றார்கள். நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். பாலிடெக்னிக்கில் பாடத்தைத் தவிர எல்லாம் படித்த காலத்தில், இரவு பகலாக ஆடிய ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் கற்பனை மொழி அது! அதன் எழுத்துகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தவன் நான். பத்தே நிமிடத்தில் படித்துவிட்டேன்: ‘வழி தெரிந்தவர் முன்னே போயிருக்கிறார்.’

விளையாட்டில் ஒரு வாசல் கல்லில் இதே வரி வரும். அதன் கீழே இன்னொரு வரியும் உண்டு. ஆர்டரில் அந்த இடம் காலி. பாவம், மறந்துவிட்டார்கள் என்று நானே சேர்த்தேன்: ‘பின்னால் வந்தவரும் சேர்ந்துவிட்டார்.’

எழுத்து வெட்டும் மஞ்சண்ணா, கன்னடம் பேசும் தளி ஊர்க்காரர், சந்தேகப்பட்டார்.

“ஏனப்பா, பார்ட்டி குடுத்தது ஒரு லைன்தானே?”

“அண்ணா, இந்த பாஷை உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கு எதுக்குப்பா? செத்தவருக்குத் தெரிஞ்சா சரி.”

வெட்டிவிட்டார். போட்டோ எடுத்து அனுப்பினோம்.

மறுநாள் செத்தவரின் மகனிடமிருந்து மெயில். மேனேஜர் நின்றபடியே படித்தார். அந்தக் காலி இடம் அம்மாவுக்காக விட்டதாம். அம்மா உயிரோடு இருக்கிறாராம். அப்பாவோடு சேர்ந்து அந்த விளையாட்டை ஆடியவராம். போட்டோவை முதலில் பார்த்துப் படித்ததும் அவர்தானாம்.

“எமனே இன்னும் அங்க போகல. அதுக்குள்ள நீ போயிட்டியேப்பா!” என்றார் மேனேஜர்.

“அய்யோ தேவ்ரே” என்று மஞ்சண்ணா அந்தக் கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கல் இல்லாமலே கண்டெய்னர் கிளம்பியது. கணவரின் முதல் வருட நினைவுநாளுக்குக் கல் நிற்கவேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. அன்று அவர் வெறும் மண்ணில்தான் பூ வைத்திருப்பார். இந்த இடத்தில் மட்டும் எனக்கு ஜோக் வருவதில்லை.

மற்றவர்களுக்கு வருகிறது. ஃபேக்டரியில் என் பெயர் இப்போது சித்திரகுப்தன். வீட்டில் நான் கம்ப்யூட்டரைத் திறந்தாலே அம்மா, “இன்னைக்கு யாரு சாமி?” என்பார்.

புதுக் கல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, கீழ்ப்பாதி காலியாக. போன வாரம் அந்த அம்மாவிடமிருந்து ஒரு தாள் வந்தது. தனக்கான வரியை அதே எழுத்தில் அவரே எழுதியிருக்கிறார். காலம் வரும்போது அங்கேயே வெட்டிக்கொள்ள, ‘படிக்கத் தெரிந்த அந்தப் பையன்’ இப்போதே வரைந்து அனுப்பவேண்டுமாம்.

அவர் கை நடுக்கத்தில் நேர்க்கோடெல்லாம் வளைந்திருக்கிறது. முதல் சொல் மட்டும் பிடிபட்டது: ‘மெதுவாக.’

மீதிக்கு என் மண்டையில் ஏற்கெனவே நாலு ஐடியா தயார். நாலையும் ஓரங்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பழைய நோட்டோடு உட்கார்ந்து, அவர் எழுதியதை மட்டும் படித்துப் பார்க்கப்போகிறேன்.