பங்கர் பாய் வீட்டுக்கு மருமகள் வந்த கதை

மும்பையில் இடம் பற்றாதவன் எவனும் மேலேதான் கட்டுவான். கீழே கட்டிய ஒரே மனுஷன் எங்கள் சீத்தா கேம்ப் பங்கர் பாய்தான்.

ராணுவத்தில் சமையற்காரராக இருந்தவர். எல்லையில் வருஷக்கணக்காகப் பதுங்குகுழியில் படுத்துப் பழகியவருக்கு, ஓய்வு பெற்று வந்தபின் கட்டிலில் பொட்டுத் தூக்கம் வரவில்லை. என்ன செய்தார்? ஒற்றை அறை வீட்டின் தரையைப் பெயர்த்து ஒரு பங்கர் தோண்டிவிட்டார்! இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். நிமிர்ந்து நின்றால் மண்டை உடையும். தோண்டிய மண்ணை மூட்டை கட்டி வாசலில் அடுக்கினார். பாஸ்வேர்ட் சொல்லாமல் பால்காரன்கூட உள்ளே போக முடியாது.

அடுத்த சுவர் என் தையல் பட்டறை. "பாய், என் சுவரு சாஞ்சா என்ன செய்வீரு?" என்று கத்தினேன்.

"சாஞ்சா உள்ள வாரும்வே. ரெண்டு பேரும் பதுங்கிக்கிடலாம்" என்றார். இவரை என்ன செய்வது!

வினை மகன் கல்யாணத்தில் வந்தது. எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் தேடுவது பரணைத்தான். ஒற்றை அறை வீட்டில் புது ஜோடி வேறு எங்கே படுக்கும்? பாயோ பரண் போட மறுத்துவிட்டார்.

"உசரத்துல படுத்தா குண்டு மொதல்ல அங்கதாம்வே விழும்."

இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மனைவி பாயிடம் பேச்சை நிறுத்தினாள்.

மூன்றாவதாகக் கோவண்டியிலிருந்து பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பாய் பங்கரை மூடியிருந்த பலகையைத் தூக்கிப் பெருமையாகக் காட்டினார். பெண்ணின் உம்மா எட்டிப் பார்த்து, "யா அல்லாஹ்! கபுருக்குழி மாதிரில்லா இருக்கு! எந்திரிங்க, போவோம்" என்று கிளம்பிவிட்டாள்.

"இரி உம்மா, பாத்துட்டு வாரேன்" என்று பெண் ஏணியில் இறங்கினாள். டீ ஆறியது. சமோசா ஆறியது. ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தால், பாயின் படுக்கையில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறாள்!

எழுப்பியதும் சொன்னாள்: "நம்ம வீட்ல எத்தன பேரு உம்மா! டிவி, மிக்ஸி, சண்ட. பொறந்ததுல இருந்து இப்படி நான் தூங்குனதே இல்ல. பிந்தாஸ் எடம். எனக்கு இந்த வீடுதான் வேணும்."

பாய்க்கு அப்போதுதான் உறைத்தது, பறிபோவது தன் படுக்கை என்று. பங்கரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "எடுத்துக்கம்மா" என்றார்.

கல்யாணம் முடிந்தது. இப்போது வாசல் மூட்டைகளின் மேல்தான் அவர் படுக்கை. "தூக்கம் வருதா பாய்?" என்று கேட்டேன்.

"நான் காவலுக்கு நிக்குற சென்ட்ரில்லாவே! சென்ட்ரி தூங்கலாமா?" என்றார். கண் இரண்டும் கோவைப்பழம்.

மத்தியானம் பட்டறைக்கு வருவார். துணி வெட்டும் மேசைக்கு அடியில் நுழைந்து, அடுத்த நிமிஷமே குறட்டை. எனக்கு ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கும். இருந்தும், அவர் எழுந்து போகும்வரை நான் மிஷினைத் தொடுவதில்லை.