எலிவாலில் போட்ட சிவப்புக் கோடு

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது ஆறு பிள்ளைகளை. ஆறு பேருக்கும் காய்ச்சல் பார்த்தவள் நான். (அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.)

கடைக்குட்டி சுபா யாழ்ப்பாணத்தில் ஆராய்ச்சிப் படிப்புப் படித்தாள். வேலணையிலிருந்து டொக்டரிடம் கண் காட்ட வந்த என்னை, வழியில் தன் எலி அறைக்குக் கூட்டிப்போனாள். எனக்கும் வெள்ளை அங்கி, கையுறை எல்லாம் மாட்டிவிட்டாள். பெரிய டொக்டர் மாதிரித்தான் இருந்தேன்.

கூட்டுக்குள் வெள்ளைச் சுண்டெலிகள்.

"இதில அரைவாசிக்கு மலேரியா வந்து மாறிச் சுகமாகிட்டுது அம்மா. மற்றதுகள் இன்னும் காய்ச்சல் காணேல்லை. இனி எல்லாத்துக்கும் மலேரியா குடுத்து, முந்தி வந்ததுகள் எப்பிடித் தாங்குதெண்டு பாக்கப்போறன். ஒண்டையும் தொடாதேங்கோ."

சொல்லிவிட்டு, பேராசிரியை கூப்பிட்டாரென்று போய்விட்டாள்.

நான் பார்த்தேன். சில எலிகளின் வாலில் சிவப்பாகக் கிடந்தது. காய்ச்சலுக்குப் பூசிய மருந்து போலும்! எங்கள் வீட்டில் காய்ச்சல் மாறினால் வேப்பிலைத் தண்ணீரால் உடம்பு துடைக்காமல் பிள்ளையைப் பாயை விட்டு எழுப்பமாட்டோம். அங்கே வேப்பிலைக்கு எங்கே போவது? மேசையில் ஸ்பிரிட்டும் பஞ்சும் இருந்தன. கோழிக்குஞ்சு பிடித்துப் பழகிய கை. ஒவ்வொன்றாகத் தூக்கித் துடைத்து உள்ளே விட்டேன்.

சுபா திரும்பி வந்தாள்.

"அம்மா, வாலில போட்ட கோடு எங்கை?"

"துடைச்சிட்டன் பிள்ளை."

"எல்லாத்திலயுமோ?"

"அரைகுறையா வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை."

அவள் கதிரையில் விழுந்து அழத் தொடங்கினாள். எது காய்ச்சல் கண்டது, எது காணாதது என்று தெரிய அந்தக் கோடு மட்டும்தானாம். மாதக்கணக்கில் பட்ட பாடு, பட்டம், எல்லாம் என் பஞ்சில் ஒட்டிக் கிடந்தன.

அழுகை கேட்டுப் பேராசிரியை ஓடி வந்தார்.

"அழாதையும் சுபா. கோடு போனால் போகட்டும். மலேரியாவோட ஒருக்காச் சண்டை பிடிச்ச உடம்பு அதை மறக்காது. துளி ரத்தம் எடுத்துப் பாத்தால் தெரிஞ்சிடும்." பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்கள் அந்தக் கதிரையை விட்டு எழும்பாதேங்கோ" என்றார்.

எல்லா எலிகளுக்கும் வாலில் ஊசிக் குத்து. ஒவ்வொன்றும் என்னையே முறைத்தது போலிருந்தது.

சுபா பட்டம் வாங்கிவிட்டாள். ஆனால் இன்றைக்கும் நான் ஈரத்துணியோடு அடுப்படியை விட்டு வெளியே வந்தால் மூத்தவன் கத்துவான்: "அம்மா வாறா, எல்லாரும் வாலை மடியுங்கோ!"

அபி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை அப்பம்மாவுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு ராசா. பிழை கிடந்தால் சொல்லு, நானே துடைக்கிறன்.

ஏன்ரா தாளை ஒளிக்கிறாய்?