மச்சான் அனுப்பிய உடையாத ஹெட்போன்

இயேசு, மரி, சூசை துணை

சிலாவத்தை,
முல்லைத்தீவு.

அன்பு மச்சான் வின்சனுக்கு,

உன் அத்தான் யாகப்பு எழுதிக்கொள்வது. நீயும் பெண்சாதி பிள்ளைகளும் பரிஸ் குளிருக்குள் நடுங்காமல் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே உன் அக்கா மரியமலர் நல்ல சுகம். அவளுக்குச் சுகம் கூடிப்போனதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். என்னைக் கேட்டால், உடம்பு சுகம், களப்பில் வலைக்கு இறாலும் படுகிறது, மனம் மட்டும் உப்புத்தண்ணீரில் ஊறிய கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். இந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அதில் நீ அனுப்பிய வயர் செருகியிருக்கிறது, வயரின் மற்ற முனை உன் அக்காவின் தலையில் இருக்கிறது. ஆகவேதான் காகிதத்தை எடுத்தேன்.

நீ நல்ல மனத்தோடுதான் அனுப்பினாய். அதை நான் மறுக்கவில்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் தைக்கிற காலத்தில் தையல் மெஷின் சத்தத்துக்குள் பாட்டு விளங்குதில்லை என்று அவள் உன்னிடம் குறைப்பட்டாள். நீயோ அந்த ஊரில் கடைகடையாய் ஏறி, ஒவ்வொன்றையும் உன் தலையிலேயே மாட்டிப் பார்த்து, காதை நசுக்காதது, பாரமில்லாதது, வியர்த்தாலும் ஒட்டாத துணி மெத்தை வைத்தது, சார்ஜ் போடும் தொல்லையில்லாமல் வயரோடு வருவது என்று தெரிவுசெய்து, கனகாலம் உழைக்கும் என்று வேறு சொல்லி அனுப்பினாய். பெட்டியைத் திறந்தபோது நானும் சந்தோசப்பட்டவன்தான். என் கையாலேயே எடுத்து அவள் தலையில் மாட்டிவிட்டேன். தன் கையால் தன் கண்ணைக் குத்துவது என்பார்களே, அது அன்றைக்குத்தான் நடந்தது.

முன்பெல்லாம் நான் களப்பால் வந்து வலையைக் காயப்போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தால், அவள் தேத்தண்ணீர் தந்து, மெஷினை நிறுத்தி, "இண்டைக்கு என்னப்பா பட்டது?" என்று கேட்பாள். நான் சொல்லுவேன். எது பட்டது, எது தப்பியது, பக்கத்து வள்ளக்காரன் என்ன பொய் சொன்னான் எல்லாம் சொல்லுவேன். கடைசியில் எப்படியும் என் பெரிய திருக்கைக்கு வந்துவிடுவேன். உனக்குத்தான் தெரியுமே, நான் இளந்தாரியாய் இருந்தபோது வள்ளத்தையே இழுத்துக்கொண்டு போன திருக்கை. இப்போது வந்து பார்த்தால் தேத்தண்ணீர் மூடியபடி மேசையில் இருக்கிறது. அவள் மெஷினில் இருக்கிறாள். கால் மிதிக்கிறது, கை தைக்கிறது, முகம் சிரிக்கிறது. என்னைப் பார்த்தல்ல மச்சான், சுவரைப் பார்த்து. கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அப்படியொரு சிரிப்பை நான் இரண்டு தரம்தான் கண்டிருப்பேன். ஒன்று மூத்தவள் பிறந்த அன்று, மற்றது நான் வாசல் படலையில் தடக்கி விழுந்த அன்று.

ஒரு நாள் தோளில் தட்டி, ஒரு பக்கக் காதை மட்டும் தூக்கிக் கேட்டேன்.

"ஆர் பாடுறது?"

"ஒரு பொடியன். புதுசா வந்தவன்."

"நல்லாப் பாடுவானோ?"

"பாடுறான் எண்டு மட்டும் சொல்லேலாதப்பா. காதுக்குள்ள வந்திருந்து கதைக்கிற மாதிரி."

சொல்லிவிட்டுக் காதை மூடிக்கொண்டாள். அவன் காதுக்குள் வந்து இருக்கிறானாம், கட்டினவன் நான் குசினி வாசலில் நிற்கிறேன். ஊர்க் கூத்தில் நான் ராசா வேசம் கட்டி வரவுப்பாட்டு எடுத்தால் கடற்கரையில் தோணி தள்ளுகிறவனும் நின்று கேட்பான் என்று உனக்குத் தெரியும். உன் அக்கா என்னைக் கட்டியதே அந்தக் குரலுக்காகத்தான் என்று உன் அம்மாவே சொன்னவா. இப்போது கோவிலில் பாதர் என்னைப் பாடற்குழுவின் பின்வரிசையில் நிறுத்தி, மெதுவாகப் பாடச் சொல்கிறார். அது வேறு கதை.

சரி, வயர் வைத்த சாமான்தானே, எத்தனை நாளைக்கு என்று பொறுத்திருந்தேன். இந்த உப்புக்காற்றில் எந்த வயர் பிழைத்திருக்கிறது, வேலிக் கம்பியே அப்பளம் மாதிரி உதிர்கிறது. முதலில் அது கிணற்றடியில் சட்டை ஊறவைத்த வாளிக்குள் விழுந்தது. நான் தள்ளவில்லை, விழுவதைக் கண்டேன், அவ்வளவுதான். அவள் அதைத் துடைத்துக் காற்றில் காயவைத்தாள், அது பழையபடி பாடியது. பிறகு ஒரு நாள் நான் கதிரையில் இருந்தபோது அது எனக்குக் கீழே இருந்தது. கதிரையின் கால் வளைந்தது, ஹெட்போன் வளைந்து திரும்ப நிமிர்ந்தது. அதற்குப் பிறகு ஆடு வந்து வயரைச் சப்பித் துண்டாக்கியது. அன்றைக்கு அந்த ஆட்டுக்கு ஒரு கட்டுக் குழை கூட வெட்டிப்போட்டேன், கர்த்தர் மன்னிக்கட்டும். பின்னேரம் வந்து பார்த்தால் அதே மெஷின், அதே சுவர், அதே சிரிப்பு. வயரைக் கழற்றி மாற்றலாமாம். பெட்டிக்குள் நீ இன்னொரு வயரும் வைத்து அனுப்பியிருக்கிறாய். அக்காவின்மேல் உனக்கு இவ்வளவு பாசம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். என் சின்ன ரேடியோவிலும் ஹெட்போன் செருகத் துளை இருக்கிறது. பஸ் ஏறிப் புதுக்குடியிருப்புக்குப் போய், துசியந்தன் என்று ஒருவர் நடத்துகிற போன் கடைக்குள் நுழைந்தேன்.

"எப்பிடியானது வேணும், அண்ணை?"

"வின்சன் அனுப்பினதைவிட நல்லது."

"வின்சன் ஆர்?"

"சரி, உடையாதது ஒண்டு தாரும்."

"உடையாத சாமான் வித்தா நான் கடையைப் பூட்ட வேணும், அண்ணை. அளவா உடையிறது இருக்கு."

அளவாக உடைகிறதை வாங்கி வந்தேன். காதுக்குள் செருகுகிற சாதி. கடவுள் எனக்குத் தந்த காதுக்கும் அதற்கும் பொருத்தம் சரிவரவில்லை, குனிந்தால் விழுந்தது. விழுந்த இடம் இறால் வாளி. எடுத்துத் துடைத்துப் போட்டால் ஒரு காது செத்துவிட்டது. மேளம் மட்டும் கேட்டது, பாடுகிறவர் செத்த பக்கம் நின்றுவிட்டார். திரும்பப் போய், தலையில் மாட்டுகிற பெரியதாய் ஒன்று வாங்கினேன். அது நண்டு மாதிரிக் கவ்வியது. கண்ணாடிக் காலையும் காதையும் சேர்த்து நெரித்ததில் பாட்டு முடியுமுன் தலையிடி தொடங்கிவிடும். மெத்தையின் கறுப்புத் தோல் வியர்வைக்கு உரிந்து, ஞாயிறு பூசைக்குப் போனபோது என் காது முழுக்கக் கறுப்புத் துகள். பூசை முடிந்து வெளியே வந்த பாதர், "யாகப்பு, காதுக்கு என்ன மருந்து பூசிறீர்?" என்று கேட்டார். அதற்குள் வயரும் ரேடியோவில் செருகுகிற பின்னோடு சேருமிடத்தில் நைந்து, ஒரு விரலால் வளைத்துப் பிடித்தால் மட்டும் பாடுகிற நிலைக்கு வந்துவிட்டது. அப்படியும் விடவில்லை. ஒரு கையால் வயரைப் பிடித்தபடி மெஷினுக்கு எதிரே கதிரை போட்டிருந்து, சுவரைப் பார்த்து, உன் அக்கா சிரிக்கிற மாதிரியே சிரித்தேன். அவள் மெஷினை நிறுத்தி என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"என்னப்பா, பல்லுக்குத்தோ?"

அதோடு என் பொறுமை போய்விட்டது. எழும்பிப் போய் அவள் தலையிலிருந்து அதைக் கழற்றினேன். இழுத்தேன் என்று அவள் சொல்லுவாள், நம்பாதே.

"நான் ஒருத்தன் இந்த வீட்டில இருக்கிறன் எண்டு தெரியுதோ?"

"தெரியுது."

"என்னைவிட உந்தப் பொடியன் பெரிசோ உனக்கு?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்கள் ஒரே திருக்கையைத்தானே பிடிக்கிறியள். அந்தப் பொடியன் எண்டாலும் பாட்டை மாத்துறான்."

பிறகு ஹெட்போனைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்து, "இந்தாங்கோ, ரெண்டு காதும் உங்களுக்கு. இனிக் கதையுங்கோ" என்றாள்.

நான் வென்றுவிட்டேன் மச்சான். அதற்குப் பிறகு நான் களப்பால் வந்தால் அவள் மெஷினை நிறுத்திவிட்டு, என் முன்னால் கதிரை போட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடும்வரை இருக்கிறவர்கள் மாதிரி இருந்தாள். நான் சொன்னதற்கெல்லாம் "ஓம்". திருக்கை வள்ளத்தை இழுத்ததற்கும் "ஓம்", வள்ளத்தின் முன் அணியம் தண்ணீருக்குள் தாழ்ந்ததற்கும் "ஓம்". ஒரு நாள் கதையின் நடுவில், கயிறு என் உள்ளங்கையை அறுக்கிற இடத்தில், அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் தானாக நின்றுவிட்டது. இந்தக் கதையை முதல்முதல் சொன்ன அன்று, இதே இடத்தில், அவள் என் கையை இழுத்து விரித்துத் தழும்பைத் தடவிப் பார்த்தவள். இப்போது அவள் கேட்காமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழும்பிப் போய் ஹெட்போனை எடுத்து வந்து, அவள் தலைமயிரை ஒதுக்கி மாட்டிவிட்டேன்.

"பாட்டைப் போடு" என்றேன்.

அவள் போடவில்லை. ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். "கயிறு அறுத்துப்போட்டுது. பிறகு?"

"உனக்குத் தெரியும்தானே."

"தெரியும். சொல்லுங்கோ. ஒரு காது திறந்துதான் இருக்கு."

சொன்னேன். ஒரு காதுக்குச் சொல்லுகிறபடியால் சுருக்கமாகச் சொன்னேன். அப்போதுதான் என் திருக்கை அவ்வளவு பெரியதில்லை என்பது எனக்கே விளங்கியது. கேட்டு முடித்துவிட்டு, அவள் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் வைத்துப் பாட்டைப் போட்டாள். கண்ணாடியை நெரிக்கவில்லை, காதைச் சுடவில்லை, தலையில் ஒன்று இருப்பதே தெரியவில்லை. அந்தப் பொடியன் பாடினான். பஸ்ஸில் போகும்போது அந்தப் பாட்டை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஆனால் அவனுக்குப் பின்னால், எங்கேயோ தூரத்தில், ஒரு வயலின் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். அவன் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. நன்றாகத்தான் பாடுகிறான். மோசமாகப் பாடியிருந்தால் மன்னித்திருப்பேன்.

"எப்பிடி?" என்று அவள் வாயசைத்துக் கேட்டாள்.

"பரவாயில்லை" என்றேன். காது மூடியிருந்ததால் என் சத்தத்தின் அளவு எனக்குத் தெரியவில்லை. முற்றத்தில் படுத்திருந்த ஆடு எழும்பி ஓடியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இந்த முறை என்னைப் பார்த்து.

இப்போது வீட்டில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. தேத்தண்ணீர் குடித்து முடியும்வரை காது எனக்கு, அதன் பிறகு பொடியனுக்கு. நான் தேத்தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கிறேன். ஆனாலும் பொறாமை போகவில்லை மச்சான், உன்னிடம் ஏன் ஒளிக்கவேண்டும். கடைசிச் சொட்டை நான் விழுங்குமுன்பே அவள் கை அந்தப் பக்கம் போகிறது. ஆகவே என் தாழ்மையான வேண்டுகோள்: இனி நத்தார்ப் பண்டிகைக்குச் சீலை அனுப்பு, குடை அனுப்பு, சொக்கிளேற் அனுப்பு. காதில் மாட்டுகிற சாமான் மட்டும் அனுப்பாதே. அனுப்பித்தான் தீரவேண்டும் என்றால், மலிவாய், ஒரு மாரி தாங்காததாய்ப் பார்த்து அனுப்பு. அக்கா இன்னொரு வயர் கேட்டால் அங்கே எல்லாக் கடையிலும் முடிந்துவிட்டது என்று சொல்.

உன் பிள்ளைகளின் நெற்றியில் என் பேரால் சிலுவை போட்டுவிடு. உன் பெண்சாதிக்கு எங்கள் அன்பு. அங்கே குளிருக்கு நீயும் காதை மூடிக்கொண்டு திரி, ஆனால் வீட்டுக்குள் வந்ததும் திறந்துவிடு.

என்றும் உன் நன்மையையே கோரும்,
அத்தான் யாகப்பு

பி.கு.: கடிதத்தை ஒட்டவில்லை, அதற்குள் ஒரு விசயம் நடந்துவிட்டது. கலியாண வீட்டுச் சட்டைகளுக்கு அளவெடுக்க மரியமலர் வற்றாப்பளைக்குப் போயிருந்தாள். சாமான் பழுதாகிவிட்டதா என்று பார்க்கத்தான் அதை எடுத்து என் ரேடியோவில் செருகினேன். பாடினது ஒரு பெண். ஆரென்று தெரியாது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கிற மாதிரி ஒரு குரல். உன் அக்கா எப்போது திரும்பி வந்தாள், எவ்வளவு நேரம் படலையில் நின்று கூப்பிட்டாள், ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் முன்னால் நிற்கிறாள். அந்த நேரத்திலிருந்து என்னோடு கதையில்லை. இடைக்கிடை வந்து, "அவ ஆர்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறாள். ஆகையால் மேலே எழுதியது ஒன்றையும் கணக்கில் எடுக்காதே. எனக்கும் ஒன்று அனுப்பு. அதே சாதி, அதே துணி மெத்தை, என் தலை அவளுடையதைவிடக் கொஞ்சம் பெரிது. மலிவானது வேண்டாம், சாகும்வரை உழைக்கவேண்டும். அக்கா கேட்டால், காதுக்குத்து வருத்தத்துக்கு டாக்குத்தர் எழுதித் தந்தது என்று சொல்.