வில் காயும் அறை

மாடி அறையை இன்னும் ஆறு மாதத்துக்கு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று வில்லுக்காரர் சபதம் செய்தார். மனதுக்குள்தான் செய்தார். வாய்விட்டுச் செய்யும் துணிச்சல் இருந்திருந்தால் சபதமே தேவைப்பட்டிருக்காது.

வீட்டில் வெயில் விழும் அறை அது ஒன்றுதான். அதைத் தையல் வேலைக்குத் தருவதாகக் கல்யாணமான புதிதில் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பதினோரு வருஷமாக அவள் சமையலறை மூலையில், அடுப்புப் புகையில் உட்கார்ந்து ஊராரின் உடுப்புகளைத் தைக்கிறாள். அறையிலோ எப்போதும் ஒரு வில் காய்ந்துகொண்டிருக்கும். மாட்டின் தசைநாரை இடித்து, இழை இழையாகப் பிரித்து, தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையில் தோய்த்து மரவில்லின் முதுகில் ஒட்டுவார். அது முழுக்கக் காய ஆறு மாதம். அவசரப்பட்டு வளைத்தால் நார் பிய்த்துக்கொண்டு போகும். ஒன்று காய்ந்ததும் அடுத்தது வந்து ஆணியில் உட்கார்ந்துகொள்ளும்.

"என்னங்க, இது காஞ்சதும் ரூம் எனக்குத்தானே?"

"உனக்கேதான்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"போன தடவை சொன்னது போன வில்லுக்கு."

இந்த முறை அவள் பேச்சோடு நிற்கவில்லை. தையல் மிஷினை மேலே தூக்க ஆளுக்குச் சொல்லிவிட்டாள். அப்போதுதான் வில்லுக்காரருக்கு அந்த யோசனை உதித்தது.

நார் காயக் காயச் சுருங்கும். சுருங்கும்போது வில்லைப் பின்பக்கமாக இழுக்கும். யாரும் தொடாமலே மரம் முனகும். ஒரு மத்தியானம் சாப்பிடும்போது மேலேயிருந்து அந்த முனகல் வந்தது. வில்லுக்காரர் வாய்க்குப் போன கையை அப்படியே நிறுத்தினார்.

"கேட்டியா?"

"வில்லுதானே?"

"வில்லு இப்படியா முனகும்? உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். இந்த வீட்டை நமக்கு வித்தாரே, அவரோட அண்ணன் அந்த ரூம்லதான் போய்ச் சேர்ந்தாராம். பொம்பளைங்க உள்ள வந்தா அவருக்குப் பிடிக்காதாம்."

அவள் முகம் வெளுத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. "அப்ப நான் அந்தப் பக்கமே வரலைங்க," என்றாள். அன்று அவர் வழக்கத்தைவிட இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டார்.

அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தினமும் சாயங்காலம் போய், வில்லின் நுனி நிற்கும் இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். நுனி மேலே ஏறினால் வில் நன்றாகக் காய்கிறது என்று அர்த்தம்; ஈரம் பட்டால் இறங்கும். கோடுகள் ஏறிக்கொண்டே போயின.

மழைக்காலம் பிறந்தது. ஒரு சாயங்காலம் பட்டறையைச் சாத்திவிட்டு வந்து பூட்டைத் திறந்தார். நுனி கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

அறையில் காற்று குளிர்ந்து கனத்து நின்றது. தரையில் ஈரச்சொட்டுகள் கதவிலிருந்து நடு அறை வரை வரிசையாக வந்து, அங்கேயே நின்றுபோயிருந்தன. மழை ஈரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணியை அடைத்தார். மறுநாள் நுனி ஏறியது. அதற்கு மறுநாள் இறங்கியது. உள்ளே யாரோ நிதானமாக மூச்சை இழுத்து விடுவதைப் போல இருந்தது.

"நீ மேல போனியா?"

"நானா? சாவி உங்க பாக்கெட்டுல இருக்கு. ஏங்க, முகமெல்லாம் இப்படி வேர்க்குது?"

அந்த அண்ணன் தன் வாயிலிருந்து பிறந்தவர் என்பது வில்லுக்காரருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் இரண்டாம் வாரம் முதல், படியேறும்போது மரியாதையாகச் செருமிவிட்டு ஏற ஆரம்பித்தார். மூன்றாம் வாரம் நுனி தினமும் இறங்கியது. கடைசி நாள் அவர் சாவியைப் போட்டதும் உள்ளே ஒரு நீண்ட முனகல் எழுந்தது. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

"அந்த ரூமை நீயே எடுத்துக்கோம்மா."

"வேண்டாங்க, எனக்குப் பயமா இருக்கு."

"ஒண்ணும் ஆகாது. தங்கமான மனுஷன்."

"பொம்பளைங்க வந்தா பிடிக்காதுன்னு சொன்னீங்களே?"

"நான்தான் தப்பா சொல்லிட்டேன். ஆம்பளைங்களைத்தான் பிடிக்காதாம்."

கெஞ்சிக் கூத்தாடித்தான் அவளைச் சம்மதிக்க வைத்தார். மிஷின் மேலே போனது. வில் சமையலறைப் பரணுக்கு வந்து, அடுப்புச் சூட்டில் ஒழுங்காகக் காய்ந்தது.

மறுபடி மழை பிடித்த ஒரு நாள், அவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அறைவாசலில் நின்று எட்டிப் பார்த்தார். நடு அறையில் ஒரு கொடி. கொடியில் ஈரப் போர்வைகள்.

"இங்கயா காயப்போட்டே, அப்பவும்?"

"மழையில வேற எங்க போடறது? சமையலறை அலமாரிச் சாவி இந்தப் பூட்டுக்கும் சேரும்ங்க. நீங்க வர்றதுக்குள்ள கொடியோட சுருட்டிக்கிட்டு போயிடுவேன்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "அப்ப கடைசி வாரம் தினமும் இறங்குச்சே, அதுவும் உன் வேலைதானா?"

அவள் ஊசியில் நூலைக் கோத்தபடி கொஞ்சம் யோசித்தாள்.

"கடைசி வாரமா? அப்ப நல்ல வெயிலுங்க. எல்லாத்தையும் மொட்டைமாடியிலதானே போட்டேன்?"

இப்போதெல்லாம் அந்த அறையில் விட்டுவந்த ஓர் உளி வேண்டுமென்றாலும், வில்லுக்காரர் படிக்கட்டின் கீழேயே நின்றுகொண்டு அவளைத்தான் எடுத்துத் தரச் சொல்கிறார்.