டில்மன் புல்வெளி காப்பாற்றப்பட்ட வரலாறு

மனித குலம் இதுவரை சாதித்தவற்றுள் தலையாயது நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல. சும்மா கிடக்கும் இடத்தைச் சும்மா கிடக்க வைப்பதற்காகத் தன் மேல் தானே வரி போட்டுக்கொள்ளும் ஆற்றல்தான். அந்த ஆற்றலின் உச்சத்தைத் தொட்ட ஊர், கொலராடோ மலையடிவாரத்தில் இருக்கும் காப்பர் ஃபோர்க். ஊரை அந்த உச்சத்துக்கு அழைத்துச் சென்றவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஹார்லன் பிரூயிட். அவரை அழைத்துச் சென்றது அவருடைய நாய்.

நாயின் பெயர் வாஃபிள். பழுப்பு நிறம், முதிர்ந்த வயது, கொள்கைப் பிடிப்பு அதிகம். குட்டியாக வந்த நாளிலிருந்து, ஹார்லன் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு அப்பால் விரிந்து கிடந்த டில்மன் புல்வெளியைத் தவிர வேறெங்கும் அது காலைத் தூக்கியதில்லை. சொந்தத் தோட்டத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தெருவோர மரத்தைக் காட்டினால், 'என்னை யாரென்று நினைத்தாய்?' என்பதுபோல் பார்க்கும். ஒரு பனிப்புயலின்போது கதவைத் திறக்க முடியாமல் போக, அடக்கிக்கொண்டே உட்கார்ந்து மிருக வைத்தியரை வரவழைத்த வீர வரலாறும் அதற்கு உண்டு. "இன்னொரு தடவை இப்படி அடக்கினான்னா இந்த வயசுல தாங்க மாட்டான், டாக்டர்" என்று எச்சரித்துவிட்டுப் போனார் வைத்தியர்.

ஆகவே அந்தப் புல்வெளியைக் கிடங்குக் கம்பெனிக்காரன் ஒருவன் வாங்கப்போகிறான் என்ற செய்தி பரவியபோது, ஹார்லனின் நெஞ்சில் இயற்கையின் மீது கட்டுக்கடங்காத காதல் பொங்கியதில் வியப்பில்லை. கிடங்கு என்றால், வீட்டில் அடங்காத சாமான்களை வாடகைக்குப் போட்டுவிட்டு, போட்டதையே மறந்துவிடுவதற்கான தகரக் கொட்டகை. ஊரைச் சுற்றி அப்படிப் பல உண்டு. ஹார்லனே ஒன்றில் தன் பழைய பல் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார்.

புல்வெளி, கணவனை இழந்த மிசஸ் வெர்னெல் டில்மனுக்குச் சொந்தம். மாடுகளை விற்ற பிறகு அந்த அம்மாள் அதை அப்படியே விட்டிருந்தாள். வாசலுக்கு ஒரு கம்பி வளையம்தான் பூட்டு. பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், காதலர்கள் சண்டை போடுவார்கள், நாய்கள் ஓடும். விதிகள் இல்லை, அறிவிப்புப் பலகை இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை. இத்தகைய நிர்வாகச் சீர்கேட்டை ஒரு நாகரிக ஊர் எத்தனை காலம் பொறுத்துக்கொள்ளும்?

ஊரே வரி போட்டுப் புல்வெளியை வாங்கிவிடுவது என்ற திட்டத்தோடு 'திறந்தவெளி நண்பர்கள் குழு' பிறந்தது. தலைவி கோனி பிராட்வோல்ட், முன்னாள் வீட்டுத் தரகர். நகரசபைக் கூட்டங்களை நடத்துபவளும் அவளே. இரண்டு பதவிகளுக்கும் முரண்பாடு ஏதும் உண்டா என்று அவளே விசாரித்து, இல்லை என்று தனக்கே தெரிவித்திருந்தாள். முதல் கூட்டம் அவளுடைய சமையலறையில், பூசணி ரொட்டியுடன் நடந்தது.

"யாராவது மிசஸ் டில்மனைக் கேட்டீங்களா, விக்கறாங்களா இல்லையான்னு?" என்றார் ஹார்லன்.

கோனி கத்தியைக் கீழே வைத்தாள். "டாக்டர், இது பிரசாரம். கேட்டா பதில் வந்துடும்."

ஹார்லனுக்கு அது நியாயமாகவே பட்டது. ரொட்டியும் நன்றாக இருந்தது.

அடுத்த வாரமே வீட்டுக்கு வீடு புல்தரையில் அட்டைப் பலகைகள் முளைத்தன. 'கிடங்கு வேண்டாம்! வானம் வேண்டும்!' எதிர்வீட்டு முன்னாள் லாரி ஓட்டுநர் கஸ் ராடமாக்கர் மட்டும் 'வரி வேண்டாம்' என்று தன் கையாலேயே எழுதி நட்டார்.

"ஏன்யா டாக்டர், புல்லு தானா முளைக்குது, தானா காயுது. அதுக்கு எதுக்குய்யா வரி?"

"அது புல் இல்ல கஸ். திறந்தவெளி."

"நேத்து வரைக்கும் புல்லுதானே?"

"நேத்து வரைக்கும் அதுக்குக் குழு இல்ல."

பிறகு பொதுமக்கள் கருத்துக் கேட்பு. காப்பர் ஃபோர்க்கின் ஜனநாயகம் எவ்வளவு ஆழமானது என்றால், அங்கே எந்தப் பிரஜையும் எதைப் பற்றியும் எழுந்து நின்று மூன்று நிமிடம் பேசலாம். மூன்றாவது நிமிடம் முடிந்ததும் கோனி மேசை மேலிருக்கும் மணியைத் தட்டுவாள். மேயரே ஆனாலும் வாய் மூட வேண்டும். எதுவும் காதில் விழாவிட்டாலும் எல்லாரும் பேசியாகிவிடும் என்பது இந்த முறையின் சிறப்பு.

கூட்டத்தின் நடுவில் மிசஸ் டில்மன் எழுந்தாள். அவள் பேச்சு, மாடு வீடு திரும்புகிற வேகத்தில்தான் வரும்.

"என் பேரு வெர்னெல் டில்மன். அது உங்களுக்கே தெரியும். எங்க வீட்டுக்காரர் ராயோட டிராக்டர் ஒண்ணு இருக்கு. பச்சை. அதை வாங்கிட்டு வந்தப்ப ஊரே வந்து பாத்துச்சு... கஸ்ஸோட அப்பா ஏறி உக்காந்து எறங்க மாட்டேன்னுட்டார்." சிரிப்பு. "அது இப்ப மழைல துருப்பிடிக்குது. அதான் அந்தக் கிடங்குக்காரனுக்குப் போன் போட்டேன், டிராக்டரை வைக்க எடம் இருக்கான்னு. அவனும் வந்து பாத்தான். டிராக்டரைத்தான் பாத்தான். அவன் வண்டி எங்க வாசல்ல நின்னதைப் பாத்துட்டு யாரோ என்னமோ நெனச்சுக்கிட்டீங்க போல. நான் என்ன சொல்ல வர்றேன்னா, அந்த நெலத்தை நான் எந்தக் காலத்துலயும்..."

டிங்!

"நேரம் முடிஞ்சுது, மிசஸ் டில்மன். ரொம்ப நன்றி."

"இன்னும் ஒரே வார்த்தைதான் கண்ணு."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்மா. அதான் ஜனநாயகம்."

மிசஸ் டில்மன் உட்கார்ந்தாள். அந்த ஒரு வார்த்தை என்னவாக இருக்கும் என்று ஹார்லன் யோசிக்கத்தான் செய்தார். ஆனால் அடுத்துப் பேசியவர் ஹார்லனைப் புகழத் தொடங்கியதால் யோசனை தடைப்பட்டது.

வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. வரியைக் கூட்டலாமா என்று கேட்பதானால், முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில் கேட்க வேண்டும் என்பது அந்த மாநிலத்துச் சட்டம். வக்கீல்கள் அதை ஒரே வாக்கியமாகவும் ஆக்கியிருந்தார்கள். ஆகவே ஒரு பக்கம் முழுதும் ஒரு கேள்வி மூச்சுவிடாமல் கத்தியது. படித்து முடித்தவர் யாரும் இல்லை. கத்தலை நிறுத்துவதற்காகவே பெரும்பாலோர் 'ஆம்' என்று போட்டார்கள். திட்டம் வென்றது.

ஹார்லனும் கோனியும் பூங்கொத்தோடு மிசஸ் டில்மன் வீட்டுக்குப் போனார்கள்.

"நான் விக்கறதாவே இல்லையே" என்றாள் அவள்.

கோனியின் முகம் வெளுத்தது. "ஆனா ஜனங்க ஓட்டுப் போட்டுட்டாங்களே! புல்வெளியைக் காப்பாத்தறதுக்கு!"

"யார்கிட்டேயிருந்து?"

கோனி கணக்குப் போட்டுப் பார்த்தாள். "உங்ககிட்டேயிருந்துதான்."

மிசஸ் டில்மன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "இத்தனை பேரு ஆசைப்பட்டு வரி கட்டறேங்கறீங்க. வேண்டாம்னா மொகத்துல அடிச்ச மாதிரி இருக்கும். எடுத்துக்கோங்க. ஒண்ணே ஒண்ணு, வாஃபிள் வர்றதை மட்டும் நிறுத்திடாதீங்க. காலைல அவனைப் பாத்தாத்தான் எனக்குக் காபி எறங்கும்."

"அதெல்லாம் திட்டத்துல வந்துடும்" என்றாள் கோனி.

திட்டம் வந்தது. வசூலான வரியைச் செலவழித்தாக வேண்டுமே! முதலில் வேலி. வேலி போட்டதும் கொல்லைக் கதவுகள் எல்லாம் அடைபட்டன. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர்களும் காரில் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. ஆகவே கார் நிறுத்துமிடம். வருகிறவர்களுக்கு இயற்கையைப் பற்றி விளக்க ஒரு தகவல் மையம். அது மலையை மறைத்ததால், அதன் உள்ளே மலையின் பெரிய புகைப்படம். பிரசாரத்தில் மிஞ்சிய 'கிடங்கு வேண்டாம்' பலகைகளைப் போட்டுவைக்க இடமில்லை என்று தெரிந்ததும், புல்வெளியின் மையத்திலேயே ஒரு கிடங்கு. மீதியிருந்த புல்லில் ஒருவகைத் துள்ளு எலி வசிக்கலாம் என்றார் டென்வரிலிருந்து வந்த நிபுணர். ஆகவே நாய்களுக்குத் தடை.

குழுக் கூட்டத்தில் ஹார்லன் பதறி எழுந்தார். "அந்த எலியை யாராவது பாத்திருக்கீங்களா?"

"இன்னும் வரலை" என்றாள் கோனி. "ஆனா வந்தா? வந்து, நாயைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டா? வரலாறு நம்மளை மன்னிக்குமா?"

"வாஃபிளுக்கு மட்டும் ஒரு விலக்கு..."

"அப்புறம் டாக்டர், முன்வரிசை பெஞ்சுல பித்தளைப் பட்டயம் பதிக்கறோம். 'இயற்கையின் காவலர் ஹார்லன் பிரூயிட்'னு. 'டாக்டர்' போடணுமா?"

"போட்டா நல்லாத்தான் இருக்கும்" என்றார் ஹார்லன். தடையை ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது அவருடைய கையும் மேலே இருந்தது.

கட்டுமானம் நடந்த மாதங்களில் வேலியில் இருந்த ஓர் ஓட்டை வழியாக, விடியற்காலையில், இயற்கையின் காவலரும் அவருடைய நாயும் திருடர்கள்போல் நுழைந்து வந்தார்கள். திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் காலை, ஓட்டை அடைக்கப்பட்டிருந்தது. வாஃபிள் வேலியருகே நின்றது. தோட்டத்தைக் காட்டினார், பார்க்கவில்லை. மரத்தைக் காட்டினார், பார்க்கவில்லை. அன்று முழுவதும் அடக்கியது. இரவும் அடக்கியது.

மறுநாள் அதைக் காரில் ஏற்றிக்கொண்டு விழாவுக்குப் போனார். வாசலில் காக்கிச் சட்டையும் வில்லையும் விசிலுமாக ஒரு காவலாளி நின்றார். கஸ் ராடமாக்கர்!

"என்னய்யா கஸ், நீயா?"

"வேலை குடுத்தாங்க, சேந்துட்டேன். கட்டற வரியைத் திருப்பி வாங்க வேற வழி இல்லய்யா. நாய் கார்லயே இருக்கட்டும், டாக்டர்."

"அவன் பழக்கம் உனக்குத் தெரியாதா? செத்துப்போயிடுவான்யா!"

"எனக்குத் தெரியும். எலிக்குத் தெரியாதே."

விழா தொடங்கியது. மேசை மேல் மணி. கோனி மூன்று நிமிடம் பேசினாள். ஹார்லன் தன் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, இந்தத் திறந்தவெளி சகல ஜீவராசிகளுக்கும் உரியது என்று பேசிக்கொண்டிருந்தார். காரிலிருந்து முனகல் கேட்கக் கேட்கக் குரலை உயர்த்தினார்.

பின்வரிசையில் இருந்த மிசஸ் டில்மன் எழுந்து போய்க் கார் கதவைத் திறந்துவிட்டாள்.

வாஃபிள் இறங்கியது. தகவல் மையத்தை முகர்ந்தது, பிடிக்கவில்லை. கிடங்கை முகர்ந்தது, பிடிக்கவில்லை. கூட்டத்தின் நடுவே தள்ளாடி வந்து, பித்தளைப் பட்டயத்தின் முன் நின்று, தன் எஜமானை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, காலைத் தூக்கியது.

கஸ்ஸின் விசில் உதடு வரை போய் நின்றது. கோனியின் கை மணியை நோக்கிப் பாய்ந்தது. மிசஸ் டில்மன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைத்தான் பாதியில நிறுத்தினே கண்ணு. அவனையாவது முடிக்க விடு."

வாஃபிள் அவசரப்படவில்லை. ஒரு பகல் ஓர் இரவு அடக்கி வைத்திருந்ததை, ஒரு சொட்டும் குறைக்காமல், உரிய இடத்தில் பதிவு செய்தது. அந்தத் திட்டத்தைப் பற்றிக் காப்பர் ஃபோர்க் கடைசி வரை கேட்ட ஒரே கருத்து அதுதான்.