சங்கண்ணை மெதுவாகப் பேசிய நாள்

லண்டனின் சத்தங்களையெல்லாம் ஒரு தட்டிலும் சங்கண்ணையின் குரலை மறுதட்டிலும் வைத்தால், அண்ணையின் தட்டுத்தான் தாழும். லூயிஷாமில் எனக்குப் பக்கத்து வீடு. சங்கு ஊதினாற்போன்ற குரலால் வந்த பட்டப்பெயர் அது; அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கோவிலில் அவர் ‘அரோகரா’ என்றால் வெளியே நிற்கும் கார்களில் அலாரம் அடிக்கும்.

2009இல் அவருடைய மகள் பிருந்தா ஜப்பானில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தாள். அவளைப் பார்க்கப் போக மனைவியைக் கூப்பிட்டார்.

“அடைச்ச பிளேனுக்குள்ள உங்களோடையோ? என்ரை காது தாங்காது” என்றுவிட்டார் அண்ணையின் மனைவி. நான் துணைக்குப் போனேன்.

அங்கே பிருந்தா எங்களைப் பிக்குணிகள் வாழும் பழைய மடம் ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். மலையடிவாரம், பாசி படிந்த படிகள், சருகு விழுந்தாலும் கேட்கும் அமைதி. வாசலில் அண்ணை நின்றுவிட்டார்.

“நான் உள்ள வரேல்லைப் பிள்ளை. இந்த வருசம் புத்தரைக் கும்பிட எனக்கு மனம் வரேல்லை.”

பிருந்தா அவரை வற்புறுத்தவில்லை. புத்தரைக் கும்பிடும் அரசின் படை ஊரில் எங்கள் சனத்தைக் கொன்று போரை முடித்த வருடம் அது; அந்த வருடம் எங்கள் ஆட்கள் யாரும் யாரையும் எதற்கும் வற்புறுத்தவில்லை.

அண்ணை என் பக்கம் திரும்பினார். “தம்பி, இஞ்சை ஒரு தேத்தண்ணிக் கடையும் இல்லையோ?”

கூரையிலிருந்த புறாக்களில் பாதி பறந்தன. ஓர் இளம் பிக்குணி ஓடிவந்து உதட்டில் விரல் வைத்தார். “சொறி தங்கச்சி” என்று அண்ணை இரகசியக் குரலில் மன்னிப்புக் கேட்டார். மிச்சப் புறாக்களும் போய்விட்டன.

அப்போது உள்ளேயிருந்து கைத்தடியோடு ஒரு வயோதிபப் பிக்குணி வந்தார். மடத்தின் தலைவி. ஏச்சு நிச்சயம் என்று நான் அண்ணைக்குப் பின்னால் ஒதுங்கினேன். தலைவியோ அண்ணையைக் குனிந்து வணங்கி ஏதோ சொன்னார். பிருந்தா சிரித்துவிட்டாள்.

“அப்பா, அவவுக்குக் காது மந்தமாம். இஞ்சை எல்லாரும் மெல்லமாக் கதைக்கிறதால கனகாலமா ஒருத்தற்றை குரலும் கேக்கேல்லையாம். உங்கடை குரல் உள்ளுக்கே கேட்டதாம். இன்னும் கதைக்கட்டாம்!”

வாழ்நாள் முழுக்க “மெல்லமாக் கதையுங்கோ” என்றே கேட்டுப் பழகிய மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு ஒருவாறு லூயிஷாம் சந்தையின் தக்காளியைப் பற்றித் தமிழில் முழங்கத் தொடங்கினார். மொழி புரியாமலே தலைவி மலர்ந்த முகத்தோடு தலையாட்டினார். தக்காளியிலிருந்து பேச்சு லண்டன் மழைக்குப் போனது, மழையிலிருந்து ஊருக்குப் போனது. அந்த வருடம் அங்கே பறிகொடுத்த தமக்கையின் பெயரைச் சொன்னபோது அண்ணையின் குரல் தணிந்தது. அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

தலைவிக்கு அது கேட்டிருக்காது. ஆனாலும் அண்ணையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அண்ணையும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் பேசாமல் இருந்தார். முகம் தெளிந்திருந்தது. எனக்குத்தான் அந்த அமைதி பொறுக்கவில்லை.

“ஏதும் கதையுங்கோ அண்ணை” என்றேன்.