சத்தம் போடாத பெட்டி

அன்பும் மரியாதையும் நிறைந்த ஓர்தென்சியா பெரியம்மாவுக்கு,

தங்கை மகள் எலோய்சா எழுதுகிறேன். இங்கே மேசா செக்கா முகாமில் புழுதி நலம், தேள்கள் நலம், நான் ஏதோ இருக்கிறேன். அங்கே பெலனில் உங்கள் ரத்த அழுத்தமும் பெரியப்பாவின் முழங்காலும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். கூரை மேல் இருக்கும் கூலர் மறுபடியும் லாரி மாதிரி உறுமுகிறது, அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடவே தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ரிப்பேர்காரரிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை வந்து அதன் வாயை அடைத்துவிடுவார்.

இனி, நீங்கள் என்னைத் திட்டியிருந்த விஷயம். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் உட்கார்ந்து சோள மாவை இலையில் வைத்துத் தமாலே சுற்றிக்கொண்டிருந்தபோது, "கோடைக்குள்ள எங்க பெட்டி ரமீரோ அண்ணன் முகாமுக்குப் போயிடும் பெரியம்மா, அப்புறம் அவர் டீசல் லாரி ஓட்ட வேண்டியதே இல்லை" என்று சொன்னது நான்தான். வாயே திறக்காதவள் திறந்து சொன்ன ஒரே வாக்கியம் என்பதால் வீடே நம்பிவிட்டது. இப்போது கோடை முடியப்போகிறது. உங்கள் மகன் இன்னும் ஏதோ ஒரு தேசத்தில், எங்கே குண்டு புதைத்திருக்கிறது என்று தெரியாத சாலையில், ஜெனரேட்டர்களுக்குத் தீனி சுமந்துகொண்டிருக்கிறார். நீங்கள் வழிப்பயணம் போகிறவர்களைக் காக்கும் புனித கிறிஸ்டோபருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, "நம்ம குடும்பத்துலயே முதல்ல காலேஜுக்குப் போனவ, ஒரு பெட்டியை நகர்த்தத் துப்பில்லையா?" என்று கேட்கிறீர்கள். துப்பில்லை பெரியம்மா. ஏன் என்று சொல்கிறேன், மாத்திரை போட்டுக்கொண்டு படியுங்கள்.

பெட்டி என்றால் குதிரை ஏற்றும் வண்டி அளவு இருக்கும். உள்ளே பாட்டரிகள், மேலே இறக்கை மாதிரி விரியும் சூரியத் தகடுகள். ஒரு முகாமுக்கு வேண்டிய விளக்கு, ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாவற்றுக்கும் சத்தமில்லாமல், புகையில்லாமல் கரண்ட் கொடுக்கும். இதைச் செய்வது இரண்டு அரசு இலாகாக்கள் சேர்ந்து. பெயரைச் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒன்று மின்சாரத்தைப் பற்றி யோசிக்கிற எங்கள் இலாகா, மற்றது பட்டாளத்து இலாகா. ஆரம்ப நாளில் இரண்டு பெரியவர்களும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு கைகளும் ஒரே பக்கம் நகர்ந்ததை நான் பார்க்கவில்லை. சூடேறாமல் இருக்க வெள்ளை அடிக்க வேண்டும் என்பது எங்கள் விதி, பாலைவனத்தில் மணல் நிறம்தான் என்பது அவர்கள் விதி. மணல் நிறம் அடித்தோம். மின்சாரப் பெட்டி என்றால் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிய வேண்டும் என்பது எங்கள் விதி, முகாமில் எதுவும் மினுக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. கூட்டம் மேல் கூட்டம் போட்டு, விளக்கு மினுக்கட்டும், ஆனால் அதற்கு ஒரு மூடி போடலாம் என்று முடிவானது. இப்போது மூடிக்குள் மினுக்கிக்கொண்டிருக்கிறது, கடவுளுக்கு மட்டும் தெரியும்படி.

அப்புறம் ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பாட்டரியில் சொட்டு கரண்ட் இல்லை. எங்கள் இலாகாவின் தலைமை விஞ்ஞானி டாக்டர் ஃபென்விக் தலையில் கை வைத்துவிட்டார். நான் மேலே பார்த்தேன். தகடுகள் முழுக்க இலைதழை வைத்துத் தைத்த மறைப்பு வலை, அவ்வளவு அழகாக, ஒரு விரல் இடைவெளி இல்லாமல் கட்டியிருந்தது. முகாம் சமையல் பொறுப்பாளர் சார்ஜென்ட் கோல்ட்டரிடம் தயங்கித் தயங்கிப் போனேன்.

"சார், மேல வலை போட்டிருக்கே..."

"நானேதான் கட்டினேன் தங்கச்சி. எப்படி? பக்கத்துல நின்னாக்கூடத் தெரியாது."

"வெயில் பட வேண்டாமா சார்?"

"வெட்டவெளியில ஒரு பொருளைப் பப்பரப்பான்னு விட்டுட்டுப் போனா எனக்குச் சோறு இறங்காது. உங்க தகடு எதிரிக்குத் தெரிஞ்சா யார் பதில் சொல்றது?"

"சூரியனுக்குத் தெரியணும்யா!" என்று பின்னாலிருந்து டாக்டர் கத்தினார். வலையில் ஓட்டை போட அனுமதி வாங்க இரண்டு இலாகாவும் கலந்து பேசின. வசந்த காலம் அதிலேயே போய்விட்டது.

கடைசியாகப் போன மாதம் ஒத்திகை. இதில் ஜெயித்தால், செய்து முடித்த முதல் ஐந்து பெட்டிகள் ரமீரோ அண்ணன் படைக்கு. சமையல் கூடாரத்தில் நாற்காலி போட்டு முகாமின் தலைவரான கர்னல், அவர் பக்கத்தில் பட்டாளத்து இலாகாவின் மேஜர் டில்மன், எதிரே எங்கள் ஆட்கள். அடுப்பில் பிஸ்கட் வெந்துகொண்டிருந்தது, காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் கை காட்டினார். டீசல் ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். எங்கள் பெட்டி கரண்டை ஏந்திக்கொண்டது, ஒரு பல்பு கூடக் கண் சிமிட்டவில்லை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் பெரியம்மா, பட்டாளத்தில் ஜெனரேட்டர் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. ஒரு சமையல்காரர் பாய்ந்து ஃபிரிட்ஜை மூடி மேலே கம்பளி போர்த்தினார். இன்னொருவர் அடுப்பை அணைத்தார். மூன்றாமவர், எரிகிற பல்புக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "கரண்ட் போச்சு!" என்று கூவினார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க, கர்னல் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். நான், "போகலை சார், ஓடுது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வாயெடுப்பதற்குள் சார்ஜென்ட் கோல்ட்டர் வெளியே ஓடி ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டார். அந்த இரைச்சலில் என் இரண்டாவது முறையும் போயிற்று. எல்லோர் முகத்திலும் நிம்மதி. மேஜர், "பரவாயில்ல டாக்டர், அடுத்த வருஷம் முயற்சி பண்ணுங்க" என்று எழுந்தே விட்டார்.

அப்போது எனக்கு அண்ணன் லாரி கண்ணில் வந்தது. நேரே வெளியே போய், யாரையும் கேட்காமல், ஜெனரேட்டரின் சிவப்புக் குமிழை அமுக்கினேன். திரும்பி வந்து, உங்கள் வீட்டுக் கூலருக்கு அடியில் நின்று சாப்பிடக் கூப்பிடுவோமே, அந்தக் குரலில் கத்தினேன்: "கரண்ட் போகலை! எல்லாரும் பல்பைப் பாருங்க!"

பார்த்தார்கள். கர்னல் பல்பைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"சத்தமே இல்லையேம்மா?"

"அதுக்காகத்தான் சார் செஞ்சது."

அவர் சிரித்தார். நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். உடனே மேஜர், "ஓடுதா நின்னுடுச்சான்னு எங்க ஆளுங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "பல்பு எரிஞ்சா ஓடுது" என்றார் டாக்டர். "பல்பே ஃபியூஸ் போயிருந்தா?" என்றார் மேஜர். பேச்சு வளர்ந்து வளர்ந்து, பெட்டிக்கு ஏதாவது ஒரு சத்தம் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. சத்தம் போட்டால் கரண்ட் வீண் என்கிறது எங்கள் இலாகா. எதிரிக்குக் கேட்காமல் நம் ஆட்களுக்கு மட்டும் கேட்கிற சத்தமாக இருக்க வேண்டும் என்கிறது அவர்கள் இலாகா. அப்படிப்பட்ட சத்தத்தைத் தேடக் கூட்டுக் குழு போட்டிருக்கிறார்கள். அடுத்த வசந்தத்தில் அறிக்கை வரும். அதுவரை பெட்டி நகராது என்று மேஜர் சொல்லிவிட்டார், அண்ணன் லாரி நிற்காது. நான் சொன்ன வாக்கு பொய்யாகிவிட்டது. திட்டுவதானால் என்னையே திட்டுங்கள், அம்மாவைத் திட்டாதீர்கள்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம். புனித கிறிஸ்டோபர் இரண்டு இலாகாக்களையும் விட வேகமாக வேலை செய்யட்டும். உங்கள் கைகளுக்கு முத்தங்கள்.

என்றும் உங்கள்,
எலோய்சா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ரமீரோ அண்ணனே போன் செய்தார். கர்னல் எந்தக் குழுவுக்கும் சொல்லாமல் ஐந்து பெட்டிகளையும் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டாராம். போன வாரமே போய்ச் சேர்ந்து ஓடுகிறதாம். "லாரி ஷெட்டுல நிக்குது எலோய்சா, நான் சும்மா உக்காந்து சீட்டாடுறேன்" என்றார். நான் அழுதேன், எழுதியதெல்லாம் வீண் என்று சந்தோஷமாக அழுதேன். ஆனால் முகாமே ஓசையில்லாமல் கிடப்பதால் அவருக்குக் கண் மூட முடியவில்லையாம். "அம்மாகிட்டச் சொல்லி நம்ம வீட்டுக் கூலர் சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்பு, அதுக்கடியிலதானே வளர்ந்தேன்" என்கிறார். ஆகவே ரிப்பேர்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதன் மேல் யாரையும் கை வைக்க விடாதீர்கள். பதிவு செய்யும்போது நீங்களும் பெரியப்பாவும் வழக்கம்போலக் கத்திப் பேசிக்கொண்டே இருங்கள். அதுவும் வேண்டுமாம்.